ஒன்பதாம் ஜாடியின் தண்ணீர்

கடலோர ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வடிகட்டி என்று பெயர். சம்பளப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். மற்றவர்கள் கடல் தண்ணீரை ஒரு முறை வடிகட்டினால் போதும் என்று நினைக்கும் இடத்தில் அவள் மூன்று முறை வடிகட்டுவாள் என்பதால், கூடத்துக்குக் கடல் தண்ணீர் ஏற்றும் பம்ப்காரர் வைத்த பெயர் இது. "வடிகட்டின முட்டாள்னு ஒரு திட்டு இருக்கு, தெரிஞ்சுதான்கா வச்சேன்" என்று அவர் சீண்டுவார். "வடிகட்டாத முட்டாளுக்கு இவ்வளவு தெரிஞ்சதே பெரிசு" என்பாள் இவள். பதில் அவளுக்கு நாக்கு நுனியில் இருக்கும், கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

இருபத்துமூன்று வருடமாக வளர்ப்பறையில் ஜாடி கழுவுகிறாள். சோப்பைத் தொடக்கூடாது, அதன் வாசனை பட்டாலே அங்கே வளர்க்கும் உயிர்கள் செத்துப்போகும். வெந்நீர், பிரஷ், நல்ல தண்ணீர், கடைசியில் உப்புத் தண்ணீர். ஜாடியை நிரப்பியதும் அதன் பின்பக்கம் ஒரு செய்தித்தாள் துண்டை ஒட்டி, அதில் இருப்பதிலேயே பொடி எழுத்தில் வந்த வரி விளம்பரத்தைத் தண்ணீர் வழியாகப் படித்துப் பார்ப்பாள். "வீடு வாடகைக்கு, இரண்டு அறை, மாடி" என்று தடுமாறாமல் படிக்க முடிந்தால்தான் ஜாடி அலமாரிக்குப் போகும். எந்த அதிகாரியும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையல்ல அது.

இந்தப் பிடிவாதம் பிறவியிலேயே வந்ததும் அல்ல. பத்தொன்பது வயதில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் புட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கண்காணிப்பாளன் ஒரு புட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, நாற்பது பெண்கள் முன்னால், "இதைக் கழுவின மகராசி யாரு?" என்றான். அடியில் நகக்கண் அளவு கறை. எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்காவிட்டால் அடுத்தது தங்கள் புட்டி என்கிற பயத்தில். அவள் முன்னே வந்து, "நான்தான்" என்று கையை நீட்டி வாங்கி மறுபடி கழுவினாள். இனிமேல் என் கை பட்ட கண்ணாடியில் எவனும் கறை காட்டக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தாள். செய்த தப்பை ஒத்துக்கொள்ளத் தெரிந்தவள் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் யாரும் அவளை வெறும் வாய்ச்சவடால் என்று நினைத்துவிடக் கூடாது.

இப்போது அந்த ஒன்பதாம் ஜாடி. அதில் ஒரே ஒரு சீப்பு ஜெல்லி இருந்தது. எலும்பில்லை, கண்ணில்லை, உடம்பு முழுக்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும் ஒரு கடல் உயிர். பக்கவாட்டில் சீப்புப் பல் போல எட்டு வரிசை. வெளிச்சம் பட்டால் அந்த வரிசைகளில் ஏழு நிறமும் ஓடும். வளர்ந்ததற்கு வாயைச் சுற்றி இரண்டு பெரிய மடல் உண்டு. குட்டிக்கு மடல் கிடையாது, பட்டாணி அளவு உடம்பும், இரை பிடிக்க இரண்டு நீள நூலும்தான். செத்தால் சில மணி நேரத்தில் கரைந்து தண்ணீரோடு தண்ணீராகிவிடும், சாட்சிக்குத் தோல்கூட மிஞ்சாது.

சின்ன டாக்டர் என்று எல்லோரும் அழைக்கும் ஆராய்ச்சிக்காரி அதைக் கரண்டியால் ஜாடிக்கு மாற்றும்போது மடல் கிழிந்துவிட்டது. மறுநாளே அவள் இரண்டு வார மாநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டாள். உயிர்களுக்குத் தீனி வைப்பது ஆராய்ச்சிக்காரர்கள் வேலை, கழுவுகிறவர்கள் தீனிப் புட்டியைத் தொடக்கூடாது என்பது கூடத்தின் சட்டம். தினமும் பாதித் தண்ணீர் மாற்றுவது மட்டும் வடிகட்டியின் பொறுப்பு.

மாற்றும்போது பார்த்தாள். முதல் நாள் அந்த ஜெல்லி வாடகை வீட்டு விளம்பரம் முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றது. நாலு நாளில் "இரண்டு அறை" மட்டும் மறைந்தது. மடல்கள் தொய்ந்து, பிறகு தேய்ந்து காணாமல் போயின. பதிமூன்றாம் நாள் அது மறைத்தது ஒரே ஒரு எழுத்தை, அடியிலிருந்து இரண்டு மெல்லிய நூல் தொங்கியது. நோய் என்று நினைத்தாள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல், சின்ன டாக்டர் மேஜையில் "ஒன்பது இளைக்கிறது" என்று சீட்டு எழுதி வைத்தாள். அந்தச் சீட்டு காகிதக் குவியலுக்கு அடியில் போய்விட்டது.

திரும்பி வந்த சின்ன டாக்டர் ஜாடியைப் பார்த்து அலறினாள். பெரிய டாக்டர் வந்தார். கூடத்தின் தலைவர், நல்ல படிப்பு, நியாயமான மனிதர் என்று பெயர். ஆனால் ஒரு தடவை முடிவெடுத்துவிட்டால் கடலே வந்து சொன்னாலும் மாற்ற மாட்டார். பெரியது செத்துக் கரைந்துவிட்டது, சரியாக வடிகட்டாத தண்ணீரோடு ஒரு குட்டி உள்ளே வந்துவிட்டது என்று இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லி, வளர்ப்பறைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார். "ஜாடி ஒன்பது. தண்ணீர் அசுத்தம். கழுவுபவரின் கவனக்குறைவு."

"இங்க ஒரு கையெழுத்து போடும்மா" என்றார். "ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சுடும்."

"போட மாட்டேன் சார்."

"போடலைன்னா அடுத்த மாசம் முதல் தேதியிலேருந்து நீ படகுக் கொட்டகையில வலை அலசப் போகணும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன் சார். தண்ணி சுத்தம். அதே உசுருதான் இளைச்சு இப்படி ஆயிருக்கு."

அவர் சிரித்தேவிட்டார். "பெரிசு குட்டியாகுமா? நாளைக்கு நானும் தவழ்ந்துகிட்டு வரவா?" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவளுக்கு அந்த நாற்பது பேர் நினைவு வந்தது. அன்றைக்குக் கறை அவளுடையது, இன்றைக்கு இல்லை.

வீட்டில் கணவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், சண்டை சச்சரவுக்குப் போகாத மனிதர். "ஒரு கையெழுத்துதானேடி, போட்டுட்டு உன் வேலையைப் பாரேன்" என்றார்.

"நீங்க பூட்டு போட்ட வீட்டுல திருடு போச்சுன்னு வைங்க. கள்ளச் சாவி நான்தான் குடுத்தேன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

கையில் எடுத்த கவளத்தை அவர் தட்டிலேயே போட்டார். "எவன் சொன்னான் அப்படி?"

"யாரும் சொல்லல. சொன்னா?"

"கடையை மூடிட்டு அவன் வீட்டு வாசல்லயே போய் உட்காந்துடுவேன்."

"நானும் அதைத்தான் பண்ணப்போறேன். ரெண்டு பூட்டு வேணும். உங்களாலயே திறக்க முடியாத பூட்டா குடுங்க."

"அப்படி ஒண்ணு இன்னும் உலகத்துல வரல" என்று முறைத்தாலும், இருப்பதில் நல்லதாக இரண்டை எண்ணெய் போட்டு வைத்தார்.

மறுநாள் நேராகச் சின்ன டாக்டர் மேஜைக்குப் போனாள். "டாக்டரம்மா, ஒன்பதாம் ஜாடியோட தீனிப் புட்டி நீங்க ஊருக்குப் போனப்ப இருந்த கோட்டுலேயே நிக்குது."

சின்ன டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "மறந்துட்டேன்கா. யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போகணும்னு இருந்தேன்..."

"மறந்தீங்க, சரி. மனுஷங்கன்னா மறக்கத்தான் செய்வாங்க. சார் சிவப்புப் பேனாவை எடுத்தப்ப வாயைத் திறக்கலையே, அதுவும் மறதியா?"

அவள் அழுதாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, பயமாக இருந்தது என்றாள். வடிகட்டிக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. "அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. அந்த உசுருக்கு என்னென்ன ஆச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க." மடல் கிழிந்தது, பிறகு பதினாலு நாள் பட்டினி. "அப்ப அதையே மறுபடி பண்ணுங்க, எல்லாருக்கும் முன்னாடி" என்றாள்.

பெரிய டாக்டரிடம் பேச்சு நீளவில்லை. "சார், எட்டு ஜாடி குடுங்க. தண்ணியை உங்க கண்ணு முன்னாடி வடிகட்டறேன். அலமாரிக்கு ரெண்டு பூட்டு, ஒரு சாவி உங்ககிட்ட, ஒண்ணு டாக்டரம்மாகிட்ட. என் தண்ணியால ஒரு தூசி உள்ள வந்தாலும் கொட்டகைக்கெல்லாம் போகல, கூடத்தை விட்டே போயிடறேன்." தாம் ஜெயிப்பது உறுதி என்று நினைத்துத்தான் அவர் ஒத்துக்கொண்டார்.

ஆறாம் தேதி காலை மூன்று முறை வடிகட்டினாள். அவர் பன்னிரண்டு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. யாரும் கேட்காமலே பதிமூன்றாவதும் எடுத்தார். அதிலும் இல்லை. எட்டு ஜாடியில் எட்டு பெரிய ஜெல்லி, ஒவ்வொன்றுக்கும் மடலில் ஒரு சின்ன வெட்டு. அலமாரி பூட்டப்பட்டது. தினமும் ஒன்பது மணிக்கு இரண்டு சாவியும் வரும், அவர்கள் முன்னால் பாதித் தண்ணீர் மாறும், மறுபடி பூட்டு விழும். ஒரு வாரத்துக்குள் பம்ப்காரரும் ஒன்பது மணிக்கு டாணென்று அங்கே ஆஜராகத் தொடங்கினார். பம்பில் வேலையே இல்லை போலிருக்கிறது.

எட்டும் இளைத்தன. எட்டாம் நாள் இரண்டாம் ஜாடி காலியாக இருந்தது. பத்தாம் நாள் ஆறாம் ஜாடி. பிறகு எட்டாம் ஜாடி, பிறகு முதல் ஜாடி. செத்துக் கரைந்துவிட்டன. "பட்டினி போட்டா சாகும்மா. அவ்வளவுதான் இதுல இருக்கு" என்றார் பெரிய டாக்டர். குரலில் இளக்காரம் இல்லை, அதுவே அவளுக்கு இன்னும் கசந்தது. அன்று அவளுக்குப் பயம் வந்தது. வந்ததை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்துமூன்று வருடத்தை எட்டு ஜாடியின் மேல் வைத்துவிட்டேனே என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள். இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு நிமிடம்கூட வரவில்லை.

பதினெட்டாம் நாள் ஐந்தாம் ஜாடியில் ஒற்றை எழுத்தை மறைத்தபடி ஒரு பட்டாணி மிதந்தது. மடல் இல்லை. அடியில் இரண்டு நூல்.

பெரிய டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். "இது வேற எங்கேயிருந்தாவது..." என்று ஆரம்பித்தார்.

"சாவி உங்க பையில இருக்கு சார்" என்றாள் வடிகட்டி.

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மூன்றாம் ஜாடியிலும் நூல் வந்தது. சின்ன டாக்டர் பொடி இறாலை விட்டதும் அந்தப் பட்டாணி நூலை வீசி, பிறந்த குட்டி போலவே பிடித்துத் தின்றது. அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெரிய டாக்டருக்கு ஒரே படபடப்பு. எதிரில் யார் நின்றாலும் சொன்னார். "வளர்றது ஒருவழிப் பாதைன்னு நினைச்சிருந்தோம். திரும்பி வர்ற உயிர்னு ஒண்ணு ரெண்டுதான் தெரியும். இது காயமும் பட்டினியும் வந்ததும், பெரிய உடம்பு கட்டுப்படியாகாதுன்னு வந்த வழியே குட்டியா திரும்பிடுது! மிருகக் குலம் கிளைவிட ஆரம்பிச்சப்ப முதல்முதல்ல பிரிஞ்ச கிளைகள்ல இதுவும் ஒண்ணு. இந்த வித்தை இதுக்கு மட்டும் வந்ததா, இல்ல ஆதியில எல்லாருக்கும் இருந்து நாமதான் தொலைச்சோமா? எவ்வளவு பெரிய கேள்வி!"

மதியத்துக்குள் வளர்ப்பறை நிரம்பிவிட்டது. கேமரா, விளக்கு, கைதட்டல். வடிகட்டி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து, அவர் முன்னால் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தாள்.

"சார், இது."

"அட, அதை விடும்மா. உன்னைக் கொட்டகைக்கு மாத்தற உத்தரவை ரத்து பண்ணிட்டேன்."

"அது உங்க உத்தரவு சார். இது என் தண்ணியைப் பத்தி எழுதினது."

"சரி, கிழிச்சுப் போட்டுடலாம்."

"கிழிக்காதீங்க. கிழிச்சா, இங்க என்னமோ இருந்துச்சு, மூடி மறைச்சுட்டாங்கன்னு ஆகும்."

பேனாவை எடுத்து, "மேற்கண்ட குறிப்பு ரத்து செய்யப்படுகிறது" என்று வேகமாக எழுதினார். அவள் குனிந்து படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"ரத்துன்னா மன்னிச்சு விட்டதா அர்த்தம். என்னை எதுக்கு சார் மன்னிக்கணும்?"

கேமராக்காரர் கையைக் கீழே இறக்கினார். பெரிய டாக்டரின் காது சிவந்தது. "அப்ப என்னதான் எழுதணும்ங்கறே?"

"நடந்ததை."

சின்ன டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். "பதினான்கு நாள் உணவு வைக்காமல் விட்டவள் நான். அதைச் சொல்லாமல் இருந்ததும் நான்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பெரிய டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டுப் பேனாவைத் திரும்ப வாங்கினார். பிறகு, நிறுத்தி நிறுத்தி, அதன் கீழே எழுதினார். தேதி போட்டார். முழுக் கையெழுத்துப் போட்டார்.

வடிகட்டி பதிவேட்டைக் கையில் எடுத்து அறை முழுக்கக் கேட்கும்படி படித்தாள். "ஒன்பதாம் ஜாடியில் தண்ணீர் சுத்தமாக இருந்தது. விசாரிக்காமல் எழுதியது என் தவறு."

கடைசி வரிசையிலிருந்து பம்ப்காரர் கையைத் தூக்கினார். "காதுல சரியா விழலக்கா!"

நன்றாகவே விழுந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும். இன்னும் சத்தமாக, முதலிலிருந்து மறுபடி படித்தாள்.