முதல் கையெழுத்து

அப்பா போன பிறகு, சிப்பிகாட்டில் இருந்த அவர் நிலத்தை எங்கள் பெயருக்கு மாற்ற ஆன்லைனில் மனுப் போட்டேன். அம்மா, தீவின் வடகோடியில் மாயாபந்தரில் வேலை பார்க்கும் அண்ணன், நான் என மூன்று பேரும் அவரவர் போனில் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல் பெரியவர்கள் பெயரை முதலில் போட்டேன். மேலே இருப்பவர் போட்டால்தான் அடுத்தவருக்கு லிங்க் போகும் என்று அந்தப் பாழாய்ப்போன ஃபாரம் முன்கூட்டியே சொல்லவில்லை.

அம்மா மறுத்துவிட்டாள். "அப்பாவுக்கப்புறம் பெரியவன்தானே எல்லாம்? அவன் வரட்டும். அவன் போட்டப்புறம் நான் போடுறேன்."

"நீ போட்டாத்தாம்மா அவனுக்கே வரும்!" என்று கத்திப் பார்த்தேன். அசையவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தால், "எனக்கு ஒண்ணும் வரலையே. லீவு கெடச்சா வரேன்" என்றான்.

வரிசையை மாற்றித் தரச்சொல்லி டெலானிபூரில் இருந்த நில ஆபீசுக்குப் போனேன். "நஹி பாய், மொதல்ல அம்மா சைன் பண்ணணும். அப்பதான் சிஸ்டம் மாத்த விடும்" என்றார் கிளார்க்.

அந்த வாரமே அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணனுக்கு லீவு உடனே கிடைத்தது. கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அலமாரியில் இருந்த அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். ஹிந்தியில் ஒரு மெசேஜ் வந்திருந்தது.

"உங்கள் கையெழுத்துக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்."