தொலையாத ஆளைத் தேடினோம்

திண்டிவனத்தில் எங்கள் நடைக்குழுவுக்கு நான்தான் வழிகாட்டி. போன மாதம் செஞ்சிப் பக்கம் ஒரு குன்றுக்குப் பதினெட்டுப் பேரை அழைத்துப் போனேன். இறங்கி வந்து எண்ணினால் பதினேழு பேர்தான். சர்க்கரை நோயாளியான சம்பந்தம் சாரைக் காணவில்லை, போனையும் எடுக்கவில்லை. எங்காவது மயங்கிக் கிடக்கிறாரோ என்று பதறி, முட்புதர்களுக்குள் இரண்டு மணி நேரம் கத்திக்கொண்டே தேடினோம். கடைசியில் அவர் மனைவியை அழைத்தேன்.

"அவரா? அப்பவே பஸ் புடிச்சி வந்துட்டாரேம்மா. சாப்ட்டு தூங்கிக்கினு இருக்காரு."

எழுப்பச் சொன்னேன்.

"கால் வலிச்சிது மேடம். உங்கள எதுக்கு பேஜாரு பண்ணணும்னுதான் சொல்லலைங்க" என்றார்.

எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் திட்டக்கூட முடியவில்லை.

இப்போதெல்லாம் புறப்படும்போதே இருவர் இருவராகச் சேர்த்துவிடுகிறேன்; ஒருவர் விலகினால் மற்றவர் எனக்குச் சொல்ல வேண்டும். சம்பந்தம் சாரை மட்டும் யாருடனும் சேர்ப்பதில்லை. அவர் என் பக்கத்திலேயேதான் நடக்கிறார்.