சைலன்சருக்குப் பிறகுதான் காபரேட்டர்

பலெர்மோவில் எங்கள் வீட்டு முற்றத்தில் மகன் மோட்டார் சைக்கிளின் காபரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தான். புது சைலன்சர் இன்னும் பெட்டியில் கிடந்தது. பெற்றோல் மணத்தில் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் அப்பாவும் முதலில் காபரேட்டரைத்தான் சரிசெய்தார். பிறகு வேறு சைலன்சர் பூட்டியதும் வண்டி படபடவென்று வெடித்து நின்றது.

"அத்தான், வித்துப்போட்டு மாட்டுவண்டி வாங்குங்கோ," என்று மாமா சிரித்தார்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உனக்கு நல்ல காது. நான் திரும்பத் திருகிறன், சத்தம் சீரானாச் சொல்லு."

அவர் திருகத் திருகச் சத்தம் சீரானதும், வெட்கத்தில் "காணும், போதும்" என்று மட்டும் சொன்னேன். வண்டி சீராக ஓடியது.

"சரிப்பண்ணினது என்ர மகள்!" அப்பா தெரு முழுக்கச் சொன்னார்.

முற்றத்தில் மகனின் சினேகிதர்கள் நின்றார்கள். வெட்கமாக இருந்தாலும் படியிறங்கிப் போனேன்.

"தம்பி, முதல் சைலன்சரைப் பூட்டு. பிறகு திருகு, நான் கேட்டுச் சொல்லுறன்."