நாரத்தைக்கு வேப்பெண்ணெய் அடித்த திங்கட்கிழமை

மலையாளக் கணக்கில் கும்ப மாதம், நம் மாசி. அதில் ஒரு திங்கட்கிழமை என் நோட்டில் இப்படி இருக்கிறது: "காலை 10.40. நாரத்தைக்கு வேப்பெண்ணெய். வெயில் கடுமை." கடைசி இரண்டு சொற்களை எழுதும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரம் அது. அந்த முறை பதினான்கு காய்கள். மனைவிக்குச் சிகிச்சை முடிந்து மூன்று மாதமாகியும் நாக்கில் ருசி திரும்பவில்லை. எதைப் பரிமாறினாலும் "மண்ணு மாதிரி இருக்கு" என்பாள். ஒருநாள், "நம்மாத்து நாரத்தங்காயை உப்புல போட்டா மோருஞ்சாதம் எறங்கும்னு தோணறது" என்றாள். நோய்க்குப் பிறகு அவளாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நான் அந்தக் காய்களுக்குக் காவல்.

ஒரே வாரத்தில் காய்த்தோல் துருப்பிடித்தது போலப் பழுப்பேறத் தொடங்கியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மஞ்சள் தூசி ஒன்று நகர்ந்தது. ஒரு காயைப் பறித்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த இளம்பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்.

"சிலந்திப் பேனாணு அங்கிள். வேப்பெண்ணெ, கொஞ்சம் சோப்பு, வெள்ளம், மூணும் நல்லா கலக்கி இலைக்கு அடியில அடிக்கணும். வெயில் ஏறும் முன்ன முடிக்கணும், கேட்டோ? இல்லேன்னா கரிஞ்சு போகும்."

திங்களன்று கலவை பால்போல் வெளுத்து வந்தபோது மணி ஏழரை. திங்களில் ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம். எத்தனையோ புத்தகம் படித்தவன்தான். ஆனாலும் அவளுக்காகச் செய்கிற காரியத்தை அந்த நேரத்தில் தொடங்கக் கை வரவில்லை. காத்திருந்தேன். ஒன்பது மணிக்கு எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. மறுபடி சோப்பு சீவி, தண்ணீரில் கரைத்து, அடைத்துக்கொண்ட தெளிப்பானைக் குத்திவிட்டு அடிக்கத் தொடங்கியபோது பத்து நாற்பது.

புதனன்று இலைகள் கருகிச் சுருண்டன. ஞாயிறுக்குள் எட்டு காய்கள் உதிர்ந்தன. அவள் கண்ணில் படாமல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கொல்லைக் கதவருகே நிற்கிறாள்.

"ஏன்னா, காலம்பறவே ரெடியா நின்னேளே. அப்பவே ஏன் அடிக்கல?"

சொன்னேன்.

"பேனுக்கு ஏதுன்னா ராகுகாலம்? அது பாட்டுக்குத் தின்னுண்டிருந்திருக்கும். நீங்க கடியாரத்தைப் பாத்துண்டு உக்காந்திருந்தேளாக்கும்!" கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. கையில் உதிர்ந்த காய்களோடு நானும் சிரித்தேன். கண்ணைத் துடைக்கத்தான் கை ஒழியவில்லை.

மிச்சம் ஐந்து. மரம் தேறட்டும் என்று இரண்டு வாரம் விட்டு, விடிந்தும் விடியாமலும் அடித்தேன். அவளே வந்து கிளையை வளைத்துப் பிடித்தாள். "அடியில, அடியில. மேல அடிச்சா மரத்துக்குக் குளிக்கத்தான் ஆகும்." பழுப்பு அதற்குமேல் பரவவில்லை.

மேட மாதத்தில், சித்திரை வெயிலில் பறித்தோம். தோல் அசிங்கமாக இருந்தாலும் உள்ளே வெள்ளையாக, சாறு நிறைந்திருந்தது. சுருளாக நறுக்கி உப்பு அடைத்தது நான். ஒரு வாரம் கழித்து மோருஞ்சாதத்தோடு ஒரு துண்டைப் போட்டேன். வாயில் வைத்தவள் மெல்லாமல் சற்று நிறுத்தினாள்.

"உப்பை வாரிக் கொட்டிருக்கேள்" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி சாதம் போடச் சொன்னாள்.