துரை எழுதிய 'புட் அப்'

முப்பதுகளில் மதுரையில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே 'புட் அப்' என்றால் ஃபைலைத் துரையின் மேசையில் கொண்டுபோய் வைப்பது. எங்கள் ஹெட்கிளார்க் இருபது வருஷமாக அதைத்தான் செய்துவந்தார். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

அழகர்கோவில் பக்கத்துப் பண்ணைக் கூலி ஒருவர், குடிசை போட இடம் கேட்டு நான்காம் முறையாக நடந்தே வந்திருந்தார். காலெல்லாம் கொப்புளம். புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை அதைப் பார்த்துவிட்டு, மனுவின் ஓரத்தில் 'புட் ஹிம் அப் டில் மண்டே' என்று எழுதிவைத்து, முகாமுக்குக் கிளம்பிப் போனார்.

"சார், திங்கக்கிழமை வரைக்கும் இவரைத் தங்க வைக்கச் சொல்லுறாரு," என்று ஹெட்கிளார்க்கிடம் சொன்னேன்.

"ஏம்ப்பா, எம்புட்டு ஃபைலை நான் புட் அப் பண்ணியிருப்பேன்! எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தாரியா? திங்கக்கிழமை ஆளைக் கொண்டாந்து முன்னால நிறுத்தணும். அம்புட்டுதான்."

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் நாற்காலிமேல் எனக்கு ஒரு கண்.

திங்கட்கிழமை துரையின் மேசையருகே, ஃபைல் வைக்கும் பக்கமாகவே அந்த மனிதரை ஹெட்கிளார்க் நிறுத்தினார். மூன்று நாளும் எங்கே தங்கினாய் என்று துரை என் மூலமாகக் கேட்டார்.

"வைகை மணல்ல கெடந்தேஞ் சாமி. மழைக்குப் பாலத்தடியில ஒதுங்குனேன்."

ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். துரைக்கு முகம் சிவந்தது.

"ஐ கான்ட் புட் அப் வித் யூ!" என்று ஹெட்கிளார்க்கைப் பார்த்துக் கத்தினார். இனி உன்னைச் சகிக்க முடியாது என்கிறார். இவரோ குனிந்து, "தேங்க்யூ சார்!" என்றார்.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியாப்பா? என் பேரை மேலிடத்துக்குப் புட் அப் பண்ணப் போறாரு!"

மறுநாள் ஆபீஸ் முழுக்க அல்வா கொடுத்தார். நான் இரண்டு துண்டு தின்றேன். ஒரு வாரத்தில் அவருக்கு ஏதோ ஒரு பொட்டல் தாலுகாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நாற்காலி எனக்குக் கிடைத்தது.

அந்தக் கூலிக்காரருக்கு இடம் கொடுக்கும்படி துரை அந்தத் திங்கட்கிழமையே எழுதியிருந்தார். உத்தரவைத் தயாரித்துக் கையெழுத்துக்கு வைக்கவேண்டியது என் வேலை. புதுப் பதவி மிதப்பில் இரண்டு மாதம் கிடப்பில் போட்டேன். அவர் ஐந்தாம் முறையும் நடந்து வந்தார்.

"எசமான், நம்ம காகிதம்..."

முகத்தைப் பார்க்காமலே எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அவரை ஒரு நிமிஷம் உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.