மேட்டுக்கு அந்தப்பக்கம் இறங்கிய வெளிச்சம்

விளக்கு வைக்கிற நேரம். எங்கள் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து முடித்து, நானும் பக்கத்து லயத்து வீட்டு அக்காவும் இறங்கி வந்துகொண்டிருந்தோம். எதிர் மேட்டுக்கு மேலே நாலு வெளிச்சம் வரிசையாக நின்றது. மேட்டுக்கு இந்தப்பக்கம் கேரளா, தாண்டினால் தேனி ஜில்லா. தணலை ஊதினால் வருமே, அந்த நிறம். சத்தமே கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அந்தப்பக்கம் இறங்கிவிட்டது.

அக்கா, “ஆண்டவரே” என்று என் கையைப் பிடித்தாள். எனக்கு ஒரே நினைப்புதான். ஏதாவது ஹெலிகாப்டர் விழுந்திருந்தால், உள்ளே ஆள் இருக்குமே. உடனே போலீஸுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. ஒரு எஸ்.ஐ., ஒரு போலீஸ்காரர், தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர். நேரே மேட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பார்த்தவள் நான் எதிரே நிற்கிறேன், என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

“இவளுக்கு அசுகம் வல்லதும் உண்டோ? மருந்து கழிக்குந்நுண்டோ?” என்றார் எஸ்.ஐ.

வீட்டுக்காரர் முழித்தார். “அப்படி சீக்கு ஒண்ணும் இல்ல சார், மருந்தும் சாப்பிடல. நல்லாத்தான இருக்கா.”

அடுத்து தோட்டத்துச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இவள் சண்டைக்காரியா, ஜெபக்கூட்டத்தில் தரிசனம் கண்டேன் என்று சொல்கிறவளா, தமிழ்நாட்டிலிருந்து யார் வந்து போகிறார்கள்? என் அப்பா பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். என்னிடம் அவர்கள் பேசியது ஒன்றே ஒன்று.

“சேச்சி, குறச்சு சாயா.”

கோபத்தோடுதான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள்.

அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, நானும் அக்காவும் அந்த மேட்டில் ஏறினோம். அட்டை கடிக்கக் கடிக்க அந்தப்பக்கச் சரிவு முழுக்கத் தேடினோம். ஒரு கிளை முறியவில்லை, புல் கருகவில்லை. யாரும் அடிபட்டுக் கிடக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் போய்ப் பார்க்கவேண்டியவர்கள் நாங்களா?

சில நாள் கழித்து சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னார். “விசாரணை முடிஞ்சிருச்சு. ஒனக்குக் கண்ணு கோளாறாம், பயத்துல உளறிட்டியாம்.”

நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். “விடுடி, போலீஸ்கிட்ட நமக்கென்ன பேச்சு” என்று சொல்லிக்கொண்டே அக்காவும் கூட வந்தாள்.

“அது தீர்ந்நு சேச்சி” என்றார் எஸ்.ஐ.

“தீரட்டும் சார். என்னத்தப் பாத்தேன்னு என்கிட்ட நீங்க கேக்கவே இல்லையே? என் வீட்டுக்காரர் அப்ப ஸ்டோர்ல காய் ஒணத்திக்கிட்டு இருந்தாரு. அவருக்கு என்ன தெரியும்?”

“எனிக்கு தமிழ் எழுதான் அறியில்ல.”

“ஞான் மலையாளத்தில் பறயாம். சார் எழுதிக்கோ.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்.ஐ. பெருமூச்சு விட்டுவிட்டு எழுதினார். நிறம், திசை, நாங்கள் ஏறித் தேடியது, ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும் அக்கா முன்னால் வந்தாள். “நானும் பாத்தேன் சார். என் பேரையும் எழுதுங்க.”

அது என்ன வெளிச்சம் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சாட்டிலைட் என்கிறார்கள், டிரோன் என்கிறார்கள். எதுவானாலும், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் கடைவீதியில் அதே எஸ்.ஐ. ஜீப்பை நிறுத்தி, “சேச்சி, பின்னெயும் வெளிச்சம் கண்டோ?” என்று சிரித்தார்.

“கண்டா, மேட்டுக்குப் போவீங்களா சார்?”

அவர் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.