பொத்தான் போடாத சட்டை

கிரிவலப் பாதையில் காலை நடைக்கு வருபவர்களில் அவரை மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அறுபதைத் தாண்டிய கனத்த உடம்பு. அதன் மேல் காலேஜ் பையன்கள் போடுகிற கட்டம் போட்ட சட்டை. வயிற்றுப் பக்கம் பொத்தான் போட முடியாமல் பனியன் தெரியும். நடந்துகொண்டே சட்டையின் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்துப் பார்ப்பார்.

அடி அண்ணாமலை டீக்கடையில் ஒரு நாள் சர்க்கரை போடாத டீயோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு சைஸ் ஜாஸ்தியா வாங்கியிருக்கலாமே சார்" என்றேன்.

"இது எம் பையன் சட்டைங்க. போன வருஷம் பைக் ஆக்ஸிடென்ட்ல போயிட்டான். பீரோ நெறைய அவன் சட்டைதான். யாருக்கும் குடுக்க மனசு வரல." டீயை ஆற்றினார். "வெயிட்ட கம்மி பண்ணு, டெய்லி நடந்துட்டு வாப்பான்னு சொல்லிட்டே இருப்பான். அப்பல்லாம் கேக்கல."

மாதங்கள் போகப் போகப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடைசிப் பொத்தானும் போட்டு வந்த அன்று, "போதும் சார், இதுக்கு மேல எளைக்காதீங்க" என்றேன். தலையாட்டினார்.

இப்போது அதே சட்டை அவர் மேல் தொளதொளவென்று ஆடுகிறது. இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார். கைகள் மட்டும் பழக்கத்தில் ஓரங்களை இழுத்துச் சேர்க்கின்றன.